கூரை நீரும் நிலக்கீழ்க் குழாயும்

(வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீட்டுத்தோட்டக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் குழாயைப் பற்றிப் பேசுவது ஏன் என நீங்கள் வினவலாம். நகரத்து வீட்டுத்தோட்டத்தில் பயிர் மடிவதற்குச் சில வேளைகளில் வீட்டுக் குழாயே காரணமாகின்றது. 100 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர் இறங்கும். அந்நீர் சுவரடியில் கசியுமாயின் அத்திவாரம் ஈரமாகும். பப்பாசியின் வேர் அழுகும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இத்தவறு என்னாலேயே நேர்ந்தது. சுவரிலிருந்த வார்ப்பிரும்புக் குழாயின் அடி கடற்காற்றினால் துருவேறியிருந்தது. நிலத்தின் கீழ்ப் புதிய பிளாஸ்டிக் குழாயை இட்டு, இரண்டையும் சீமெந்தால் இணைக்குமாறு நானே கூறினேன். அடுத்த மழைக்காலத்தில் மூட்டு வெடித்தது. மண்ணினுள் கசிந்த நீர் எவர் கண்ணிலும் படவில்லை. காய்க்கத் தொடங்கிய மூன்று பப்பாசி மரங்கள் மஞ்சளித்துச் சாய்ந்த பின்னரே தோண்டிப் பார்த்தோம்.

சீமெந்து பிளாஸ்டிக்கை இறுகப் பற்றுவதில்லை. அன்றியும், வெப்பத்தில் பிளாஸ்டிக் வார்ப்பிரும்பினும் ஏறக்குறைய ஆறு மடங்கு நீளும். மண்ணும் நாளடைவில் இறங்கும். ஆகவே இம்மூட்டு வளைந்து கொடுப்பதாக இருத்தல் வேண்டும். செய்ய வேண்டியவை இவை:

1. முதலில் சுவர்க் கவ்விகளைச் சோதியுங்கள். இரும்புக் குழாயின் பாரம் முழுவதையும் சுவரே தாங்க வேண்டும். அது பிளாஸ்டிக்கின் மேல் இறங்கலாகாது.

2. பின்னர் துருவேறிய அடியை நேராக வெட்டி நீக்குங்கள். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் குழாய் வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஆதலால் நனைத்தே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

3. பழைய நான்கு அங்குலக் குழாய் உள்விட்டத்தாலும், 110 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குழாய் வெளிவிட்டத்தாலும் பெயர் பெற்றவை. பெயரை நம்பாது நூலால் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும்.

4. இரு அளவுகளுக்கும் பொருந்தும் இறப்பர் இணைப்பானை வாங்கி, துருவேறாத எஃகுப் பட்டிகளால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் பசை இரும்பில் ஒட்டாது. மூட்டு நிலத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி அமைதல் நன்று.

5. நிலக்கீழ்க் குழாயை மணற்படுக்கையில், ஐந்து அடிக்கு ஓர் அங்குலச் சரிவுடன் இடுங்கள். இலையும் மண்ணும் தங்குவதற்கு மூடியுள்ள சிறு தொட்டியொன்றும் வேண்டும்.

6. மண் மூடுமுன் பீலியில் சில வாளி நீர் ஊற்றி, மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள்.

மழை நீரை மலக்கழிவுக் குழாயில் விடலாகாது. பெருமழையில் கழிவு வீட்டினுள்ளேயே திரும்பிவிடும். தெருவோர வடிகானில் விடுமுன் மாநகர சபையின் அனுமதியைப் பெறுங்கள். பீலியையும் தொட்டியையும் வாரந்தோறும் துப்புரவு செய்யுங்கள்; தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன்னரே உங்கள் குழாயின் அடியைக் குனிந்து பாருங்கள். அங்கே ஈரம் தென்பட்டால் இவ்வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.