எந்தத் தெரு என்று கேட்காத டாக்டர்

(தென்காசியில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மாடிக்கு ஏறி வந்ததும் நான் தேடினது மைக்கை அல்ல, கக்கூஸை. கீழே டீக்கடைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, சாவி கடைக்கார அண்ணாச்சியிடம். அது தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தேன். ஏழு வருஷமா கூட்டமோ கல்யாண வீடோ எழவு வீடோ, எங்க போனாலும் எனக்கு இதுதான் முதல் வேலை. பேச்சுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனா கோவிச்சுக்கிடாதீங்க.

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். என் குடலைப் பற்றிப் பேசுகிறேனே என்று கேட்டேன், சரி என்று விட்டார்கள்.

தொண்ணூறுகளில் தலித் எழுத்து பீயையும் மூத்திரத்தையும் அந்தந்தப் பேராலேயே எழுதியபோது மூக்கைப் பொத்தினவர்கள் உண்டு. அந்த மூக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுத வந்தவன் நான். பீ என்று கவிதையில் எழுதிக் கைதட்டு வாங்கியவன். ஆனால் ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை போய்க்கொண்டிருந்த காலத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னது என்ன தெரியுமா? "சார், வயிறு கொஞ்சம் சரியில்ல." அவ்வளவுதான். காகிதத்தில் இருந்த தைரியம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் போய்விட்டது.

நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி ரத்தம் வடிகிற நோய். ஆசனவாயை ஒட்டித் தொடங்கி மேலே ஏறும். நம் எதிர்ப்புச் சக்தியே நம் குடலைத் தாக்குகிறது என்கிறார்கள். ஒட்டுவாரொட்டி அல்ல. அடங்கும், திரும்ப வரும். அடக்கி வைக்க மாத்திரை உண்டு, வேரோடு பிடுங்க மாத்திரை இல்லை. ரொம்ப முற்றினால் பெருங்குடலையே எடுத்துவிடுவார்கள்.

எனக்கு வேலை பேங்கில், கேஷ் கவுண்டர். நோட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதே முட்டிக்கொண்டு வரும். எண்ணினதை அப்படியே போட்டு டிராயரைப் பூட்டி, கூண்டைப் பூட்டி, வரிசையில் நிற்கிற இருபது பேர் முகத்தைப் பார்க்காமல் ஓடவேண்டும். திரும்பி வரும்போது ஒரு சிரிப்பு ஓடி முடிந்திருக்கும். 'கோட்டாவுல வந்தவன் உக்காந்து வேலை பார்க்க மாட்டான்' என்கிற பேச்சு வேறு. நான் ஓடுவதற்கு என் சாதியில் காரணம் கண்டுபிடித்தார்கள்.

முதலில் போனது எங்கே? நம் பக்கம் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருக்குமே, அப்படி ஒரு இடத்துக்கு. ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நம் ஜனத்துக்கு மனப்பாடம். ஆறு மாதம் போனது, பணமும் போனது.

இரண்டாவது, பெரிய படிப்புப் படித்த ஒரு டாக்டர். பெயர் வேண்டாம். என்ன செய்யுது என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்றார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். சொன்னேன். பேனாவை எடுத்துவிட்டார். "மாட்டுக்கறிய விடுங்கப்பா, கையக் கழுவிச் சாப்பிடுங்க, அமீபாதான்." வயிற்றைத் தொடவில்லை. சீதபேதிக்கான மாத்திரையை மூன்று தடவை எழுதினார். அமீபா நம் நாட்டில் இல்லாத ஒன்றல்ல. ஆனால் அவர் என் பீயைப் பரிசோதிக்கவில்லை, என் தெருவைப் பரிசோதித்தார்.

இந்த இடத்தில் எனக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' ஞாபகம் வரும். அதில் கத்தியவாரில் இருந்த ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியரின் கடிதத்தை அவர் எடுத்துக் காட்டுகிறார். 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம். அந்த ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்குகிறது, பிறகு மூச்சு முட்டுகிறது. டாக்டர் சேரிக்கு வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியமனிதர் இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு ஜாமீன் நின்ற பிறகு, சேரிக்கு வெளியே தூக்கிவந்தால் பார்க்கிறேன் என்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார், அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறான். திரும்பவும் அதே வழியில் வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு அவர் வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள்.

இன்றைக்குத் தெர்மாமீட்டர் கைமாறுவதில்லை. எனக்கு மருந்துச் சீட்டு மேசைமேல் தள்ளிவிடப்பட்டது.

"நம்மாள் டாக்டர்கிட்ட போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். போனேன். நல்ல மனிதர்தான். வெளியே அறுபது பேர் நின்றார்கள், மூன்று நிமிடத்தில் அவரும் அதே மாத்திரையைத்தான் எழுதினார். நம்மாள் என்பது வேறு, காது கொடுத்துக் கேட்பது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

நாலாவது ஆள் குற்றாலம் போகிற வழியில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயசான டாக்டர். சாதியில் நம்மவர் இல்லை. முதல் கேள்வியே, "தம்பி, கடைசியா எப்ப போனீங்க, என்ன நிறத்துல இருந்துச்சி?" நான் மலம் அது இது என்று இழுத்தேன். "பீன்னே சொல்லுங்க, எனக்கும் வருது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சி. அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். ராத்திரி எழுப்புகிறதா, போன பிறகும் போகணும் போல இருக்கிறதா, எடை எவ்வளவு இறங்கியது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். மூன்று பேரிடம் போன பிறகு இந்த உடம்பைத் தொட்ட முதல் டாக்டர் அவர்.

தொட்டதற்காக மட்டும் அவரை நான் திறந்த மனசுக்காரர் என்று சொல்லவில்லை. "எனக்கு இது குடல் காசநோயோன்னு சந்தேகமா இருக்கு. ரெண்டும் பார்க்க ஒண்ணுபோலக் குழப்பும். காசநோய் இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தா அது பரவிரும், அதனால பார்க்காம கொடுக்க மாட்டேன்" என்று சொல்லித் திருநெல்வேலிக்கு அனுப்பினார். குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். (பஸ்ஸில் போக முடியாது, கக்கூஸ் கிடையாது. செங்கோட்டை பாசஞ்சர்தான் எனக்கு ஆம்புலன்ஸ்.) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நான் நெனச்சது தப்பு தம்பி" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்குக் கொடுத்தது மெசலமைன். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1940களில் ஸ்வீடனில் நானா ஸ்வார்ட்ஸ் என்கிற பெண் மருத்துவர் மூட்டுவலிக்காக சல்ஃபாசலசின் என்ற மருந்தைக் கொண்டுவந்தார், அது குடல் புண்ணுக்கும் கேட்டது. இரண்டு மருந்துகளை ஒட்டவைத்த மருந்து அது. முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அப்படியே விழுங்கியது. எந்தப் பாதி வேலை செய்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் பிரித்துப் பார்த்துச் சொன்னவர்களில் முதல் பெயர் ஆசாத் கான், வங்காளதேசத்துக்காரர். வருஷம் 1977. அந்தப் பாதிதான் நான் விழுங்குவது.

கறி விஷயத்தையும் சொல்லணும். மாட்டுக்கறியை விடணுமா என்று கேட்டேன். "இந்த நோயை இன்ன சாப்பாடுதான் உண்டாக்குச்சின்னு யாரும் நிரூபிக்கல. ஒரு நோட்டு போட்டு எழுதுங்க, எது உங்களுக்கு ஒத்துக்கலையோ அதை விடுங்க" என்றார். எழுதினேன். நோய் கிளம்பியிருக்கும்போது எனக்கு ஒத்துக்கொள்ளாதது பாலும், எண்ணெயில் மிதக்கிற பார்டர் புரோட்டாவும். கறி அந்தப் பட்டியலில் வரவில்லை. அடுத்தவர் குடலுக்கு வேறு பட்டியல் இருக்கலாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சீசன் நேரம், சாரல். அருவிக்குப் போகிற வழியில் வேரும் பட்டையும் விற்கிற ஒருவர், மாத்திரையே வேண்டாம், நாற்பது நாளில் குணம் என்றார். டாக்டர்களிடம் பட்ட அவமானம் இருக்கிறதே, அது அவர் பேச்சை நம்ப வைத்தது. மாத்திரையை நிறுத்தினேன். நாற்பதாம் நாள் பாத்ரூமில் மயங்கிக் கிடந்தேன், அம்மாதான் கதவைத் தட்டித் தூக்கினாள். பழைய டாக்டர் திட்டவில்லை. "அந்தப் பொடியைக் கொண்டாங்க, உலோகம் எதுவும் சேர்ந்திருக்கான்னு தெரியணும்" என்றார். அம்மா காய்ச்சித் தருகிற மாதுளை ஓட்டுக் கஷாயத்தையும் மோரையும் பற்றிக் கேட்டபோது, "குடிங்க, ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல" என்றார்.

இப்போது எனக்கு இருக்கிற பயம் வேறு. இந்த நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனால் புற்றுநோய் எட்டிப் பார்க்கிறதா என்று குழாய் விட்டுச் சோதிக்க ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அடுத்த வருஷம். டாக்டருக்கு வயசாகிவிட்டது, வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார், இந்த வருஷத்தோடு நிறுத்தப்போகிறார். மறுபடி ஒரு புது டாக்டர், மறுபடி எந்தத் தெரு என்கிற கேள்வி.

போன வாரம் போய்க் கேட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, என் நோயின் ஏழு வருஷத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். எப்போது தொடங்கியது, எதுவரை புண், எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை, அடுத்த சோதனை எப்போது. ஊர்ப் பெயர் இல்லை, தெருப் பெயர் இல்லை. அதை இப்போது பையிலேயே வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படித் தாள் எழுதி வாங்கவேண்டியிருந்தால் மாதிரிக்குப் பாருங்கள், கீழே ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிவரை திறந்திருக்கும்.