காவற்றொழிலும் எம் வாலிபரும்

(சங்கத்தின் தொழில் வழிகாட்டற் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியம், பொறியியல், கணக்கியல் ஆகிய மூன்றைப் பற்றியும் இம்மேடையில் அறிஞர் பலர் பேசிவிட்டனர். எனக்கு மிஞ்சியது வாசல். வாசலிலே நிற்பவனுடைய தொழிலைப் பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் மனமுவந்து ஒப்புக்கொண்டேன்.

நம்மவர் மேடைகளில் இந்தப் பொருள் ஏறுவது அருமை. ஆயினும் வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கைக்குள்ளும் சென்று பாருங்கள். தொடர்மாடி ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு மனிதர். கொட்டாஞ்சேனையிலே வங்கி, நகைக்கடை, களஞ்சியம், பாடசாலை எங்கும் அவரே நிற்கிறார். அவரிற் பலர் நம் இனத்தவர். மலைநாட்டிலிருந்தும் வன்னியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். இன்று இங்கே அமர்ந்திருக்கும் வாலிபரிற் சிலரும் நாளை அச்சீருடையை அணியக்கூடும். ஆதலால் அத்தொழிலிற் காத்திருப்பது யாது என்பதை உள்ளவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலில் ஒரு பாகுபாடு. இராணுவத்திற் சேர்ந்து காவல் நிற்பது வேறு. காவற் கம்பனியிற் சேர்ந்து காவல் நிற்பது வேறு. சீருடையைப் பார்த்து இரண்டும் ஒன்றென எண்ணுவோர் உளர். இரண்டுக்கும் சட்டம் வேறு, சம்பளம் வேறு, முதுமைக்கால ஆதரவும் வேறு.

இராணுவத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் நிரந்தரத் தரைப்படை 1949 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆந் தேதி அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் இருந்தது பெரும்பாலும் தொண்டர் படையே. அப்படைக்குத் தலைமை தாங்கிய முதலாவது இலங்கையர் ஒரு தமிழர் என்பதை இங்குள்ள வாலிபர் எத்தனை பேர் அறிவீர்கள்? அன்ரன் முத்துக்குமாரு அவர்கள் 1955 இலிருந்து 1959 வரை இராணுவத் தளபதியாக விளங்கினார். 1960 இலிருந்து 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். பின்வந்த ஆண்டுகளின் அரசியலும் அதன் பின் வந்த போரும் அவ்வழியை எம்மவருக்கு ஏறக்குறைய அடைத்துவிட்டன. போர் 2009 இல் முடிந்தபின், 2012 இல் வடக்கிலே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டனர். அதனை வரவேற்றோரும் இருந்தனர், ஐயுற்றோரும் இருந்தனர். அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

இராணுவத்திற் சேரும் வாலிபன் முதற்கண் எதிர்பார்க்க வேண்டியது வீரச்செயலன்று, காத்திருத்தல். படைவீரனுடைய நாட்களிற் பெரும்பகுதி வாசலிலும் வேலியோரத்திலும் ஆயுதக் களஞ்சியத்தின் முன்னும் கழிகின்றது. இரவிலே ஒருவர் வந்தால் நிறுத்த வேண்டும். யார் என்று கேட்க வேண்டும். அடையாளங் கண்ட பின்னரே விட வேண்டும். வந்தவர் தன் மேலதிகாரியே ஆயினும் முறை அதுவே. ஆங்கிலப் படைமரபில் வந்த காவல் ஒழுங்கு, இரண்டு மணி நேரம் நிற்றல், நான்கு மணி நேரம் ஓய்தல் என்பதாகும். இவ்வொழுங்குக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராடார்த் திரையைப் பார்த்திருந்தோர் சிறிது நேரத்துக்குள்ளேயே அடையாளங்களைத் தவறவிடத் தொடங்கியதை ஆராய்ந்த நோர்மன் மக்வேர்த் என்னும் ஆங்கில உளவியலறிஞர், ஏறக்குறைய அரை மணி நேரத்திலேயே மனிதனுடைய விழிப்பு தளர ஆரம்பிக்கின்றது என்று 1948 இல் எடுத்துக்காட்டினார். கண் திறந்திருக்கும், கருத்து உறங்கிவிடும். படையினர் இதனை அனுபவத்தால் முன்னரே அறிந்திருந்தனர்.

படைச்சேவையின் நன்மைகளையும் சொல்லவேண்டும். உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியன உண்டு. சாதாரண படைவீரர் 22 ஆண்டுகள் சேவை செய்தால் ஓய்வூதியம் பெறுவார். இருபது வயதிற் சேர்ந்தவன் நாற்பத்திரண்டில் ஓய்வு பெற்று வேறொரு தொழிலைத் தொடங்கலாம். ஆனால் இடைநடுவே சொல்லாமற் கொள்ளாமல் ஓடிவந்தவனுக்கு ஓய்வூதியமும் இல்லை. விடுவிப்புப் பத்திரமும் இல்லை. கைதாவேன் என்ற பயம் மாத்திரம் மிச்சம். சேர்வதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். சேர்ந்தபின் முறைப்படியே விலகுங்கள். இன்னொன்று: இராணுவத்தின் தொகையை 2030 இற்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. ஆகவே அவ்வாசல் அகலுங் காலமன்று, ஒடுங்குங் காலம்.

ஓய்வு பெற்ற படையினர் எங்கே போகின்றனர்? பெரும்பாலும் காவற்றொழிலுக்கே. இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. இந்தியாவில் 1947 இல் தொடங்கப்பட்ட பாதுகாப்புக் காவற்படை, ஓய்வு பெற்ற போர்வீரரையே மீண்டும் சேர்த்து இராணுவ நிலையங்களைக் காக்கின்றது. அதன் பயிற்சி நிலையம் கேரளத்துக் கண்ணூரில் உள்ளது. இலங்கையிலும் 2006 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ரக்ன ஆரக்ஷக லங்கா என்னும் கம்பனி அமைக்கப்பட்டது. தனியார் கம்பனிகளோ மிகப் பல. 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி அவை பதிவு பெற்றே நடத்தப்படல் வேண்டும். பதிவில்லாத கம்பனியிலே சேராதீர்கள்.

இனித் தனியார் கம்பனிக் காவலாளியின் நாளைப் பாருங்கள். அவர் நிற்பது பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். மாற்றுக்கு வரவேண்டியவர் வாராவிடின் இருபத்துநான்கு மணி நேரமும் அவரே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவனை நிறுத்தலாகாது என்று படை கண்ட உண்மை, இரவும் பகலும் ஒருவரையே நிறுத்தும் முதலாளிக்கு எட்டவில்லை. கால் வீங்கும், உறக்கம் கெடும், வேளைக்கு உண்ணாமையால் வயிறு கெடும். மழைக்கு ஒதுங்க ஒரு கூடாரமும், கழிப்பறை வசதியும் இல்லாத இடங்களும் உள. கையிலே துப்பாக்கி இருக்கும் என்று எண்ணிச் சேர்பவன் ஏமாறுவான். பெரும்பாலும் கிடைப்பது ஒரு குண்டாந்தடி, ஒரு விசில், ஒரு டோர்ச். ஜே.எஸ்.ஓ. என்று தொடங்கி, எஸ்.எஸ்.ஓ. ஆகி, திறமையிருந்தால் ஓ.ஐ.சி. ஆகலாம். அவ்வேணியில் ஏற்றுவது உடல் வலிமையன்று, எழுத்தும் மொழியும். இன்ன மணிக்கு இன்னார் இன்ன வாகனத்தில் வந்தார் என்று தெளிவாக எழுதத் தெரிந்தவனும், சிங்களமும் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவனும் ஓராண்டிலேயே முன்னுக்கு வருவான். தீயணைக்கும் கருவியைக் கையாளவும் முதலுதவி செய்யவும் பழகிக்கொண்டால் இன்னும் நன்று.

சட்டம் ஒன்றையும் மறவாதீர்கள். காவலாளி பொலிஸ்காரன் அல்லன். தன் கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவனைப் பிடிக்க 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை எந்தக் குடிமகனுக்கும் இடந்தருகின்றது. பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அறையிலே பூட்டி வைத்து அடிப்பதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. முதலாளி சொன்னார் என்று அடித்தவன் வழக்கிலே தனியாகவே நிற்பான்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன்; இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 10,000 ரூபா எனத் தொடங்கி, 2025 ஏப்பிரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபா சம்பளத்திலே ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, அதாவது 2,400 ரூபா கட்டுகிறார். முதலாளி நூற்றுக்கு 12, அதாவது 3,600 ரூபா கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் நூற்றுக்கு 3, அதாவது 900 ரூபா கட்டவேண்டும். இவை முதலாளியின் தருமமல்ல. 1958 ஆம், 1980 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் விதித்த கடன். பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்திலே ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்கு, சேவை செய்த ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. பத்து ஆண்டு நின்றவர் இக்கணக்கின்படி 1,50,000 ரூபா பெறுவார். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இவ்வளவும் கடதாசியிலே உண்டு. கையிலே வருகிறதா? நியமனக் கடிதம் கேளுங்கள். சேமலாப நிதி இலக்கத்தைக் கேளுங்கள். சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு வெட்டுவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்கும்போது முகஞ் சுளிக்கும் கம்பனியை விட்டு அடுத்த கம்பனிக்குச் செல்லுங்கள். வெளிநாட்டுக் காவல் வேலைக்குச் செல்வோர் வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதியாமற் செல்லலாகாது. துபாயிலே அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி அனுமதிப் பத்திரம் பெற்றவனே காவலுக்கு நிற்கலாம் என்பதையும் அறிந்து செல்லுங்கள்.

நிற்க. பெரியோர் சிலருடைய முகத்திலே ஒரு கேள்வியைக் காண்கிறேன். "சீருடையா, எங்கள் பிள்ளைக்கா?" என்பதே அது. அக்கேள்வி நியாயமானது. 1983 ஆடி மாதத்திலே இவ்விரு ஊர்களும் பட்டதைக் கண்ணாற் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். காக்கவேண்டிய சீருடையினர் பலர் கைகட்டி நின்றதை அவர்கள் கண்டனர். சீருடையே இல்லாத அயலவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து உயிர் காத்ததையும் கண்டனர். 2007 ஜூன் 7 ஆந் தேதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து நிறுத்தியது. இவற்றை மறக்குமாறு எவரையும் நான் கேட்கமாட்டேன்.

ஆனால் இவற்றிலிருந்து எதனைக் கற்பது? காவல் என்பது உடையில் இல்லை. யாரைக் காக்கிறோம் என்ற நினைவில் இருக்கின்றது. நல்ல காவலாளி வாயிலுக்கு வருபவனுடைய இனத்தைப் பார்ப்பதில்லை, மொழியைப் பார்ப்பதில்லை, நடத்தையைப் பார்க்கிறான். 2019 ஏப்பிரல் 21 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று, நம் கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே வந்தவனுடைய பை மீது ஐயங்கொண்ட ஒருவர், அவனை மண்டபத்துக்குள் விடாது வெளியே நிறுத்தினார். அவர் உயிரிழந்தார், உள்ளே இருந்த பலர் உயிர் தப்பினர். அவர் சம்பளத்துக்கு நின்ற காவலாளி அல்லர், சீருடையும் இல்லை. "நீங்கள் யார்? உங்கள் பையில் என்ன?" என்ற கேள்வியின் விலை என்ன என்பதை அன்று நாடே அறிந்துகொண்டது.

சிவாலயங்களின் வாயிலிலே நிற்கும் துவாரபாலகரை உற்றுப் பாருங்கள். கையிலே கதாயுதம் உண்டு. ஆயினும் உயர்ந்திருப்பது எச்சரிக்கும் விரலே. முதலில் எச்சரித்தல், பின்னர் தடுத்தல், அடித்தல் கடைசியிலும் கடைசி. அவர்களைத் தாண்டாமல் எவரும் மூலவரிடம் செல்லுவதில்லை. அங்கே வணக்கத்துக்குரிய நிலையம், தொடர்மாடி வாசலில் மாத்திரம் இழிந்த நிலையமாவது எவ்வாறு?

ஆதலால் வாலிபர்களே, இத்தொழிலை மயங்கிச் சேரவும் வேண்டா. இகழ்ந்து ஒதுக்கவும் வேண்டா. படிக்க வசதி உள்ளவன் படியுங்கள். வீட்டுச் சுமையால் உடனே உழைக்கவேண்டியவன், கண்ணைத் திறந்துகொண்டு இதிலே சேருங்கள். பதிவு பெற்ற கம்பனி, நியமனக் கடிதம், சேமலாப நிதி மூன்றையும் உறுதி செய்துகொண்டு சேருங்கள். இரவுக் காவலின் ஓய்விலே ஒரு பாடத்தையோ ஒரு மொழியையோ கற்றுக்கொள்ளுங்கள். அது வாசலிலேயே முடிந்துவிடாத வாழ்வைத் தரும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவிலே காவற் கம்பனியை அமர்த்தும்போது ஆகக் குறைந்த விலை சொன்னவனையே தெரிந்தெடுக்கிறீர்கள். அந்தக் குறைந்த விலை யாருடைய சம்பளத்திலிருந்து குறைக்கப்பட்டது என்று ஒரு முறை கேளுங்கள். சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வாசலிலே அவருக்கு ஒரு மின்விசிறியும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறைத் திறப்பும் கொடுங்கள். "டேய் வாச்சர்" என்று அழைக்கும் பிள்ளையைத் திருத்தி, "அண்ணை" என்றோ "ஐயா" என்றோ அழைக்கப் பழக்குங்கள். நாம் உறங்கும்போது விழித்திருப்பவரை மதியாத சமூகம் அச்சமின்றி உறங்க முடியாது.