புது கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா?

பாகம் பாகமாக வாங்கி, ஆசை ஆசையாகப் பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் ஃபேன் கூடச் சுற்றவில்லை. மதர்போர்டே போய்விட்டது என்று கலங்க வேண்டாம்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். பவர் சப்ளையில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால்தான் ஆன். அடுத்து, 24 பின் கனெக்டர் கொக்கி மாட்டும் அளவுக்கு அழுந்தியிருக்கிறதா? பிராசஸருக்கென்று தனியாக 8 பின் இணைப்பு உண்டு. அதை மறப்பவர்கள் நிறைய.

நான் அதிகம் சந்தேகப்படுவது முன்பக்கப் பட்டனைத்தான். அதன் மெல்லிய ஒயர் மதர்போர்டில் இரண்டே இரண்டு பின்களில் உட்கார வேண்டும். அங்கே எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கும். ஒரு பின் தள்ளிப் போனாலும் பட்டன் வேலை செய்யாது. மேனுவலைப் பார்த்து, அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் கோளாறு பட்டனிலோ அதன் ஒயரிலோதான்.

அப்போதும் அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டைக் கழற்றுங்கள். அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் திருகு முட்டிக்கொண்டிருந்தால், ஷார்ட் ஆகி பவர் சப்ளை தானே நின்றுவிடும்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.