சுவரொட்டி தரும் வாக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது நம் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களுக்கு அளித்த பொருள் திரைப்பட விளம்பரம். இதைக் கேட்டுப் புன்னகைத்த நண்பர்கள் சிலர் உண்டு. ஆயினும் ஓர் உண்மையை இந்த அவை ஒப்புக்கொள்ளும். பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த நம்மவர் பொது இடத்தில் நின்று படித்த தமிழ் பெரும்பாலும் சுவரொட்டித் தமிழே.

1960களில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படித்தோம். தமிழ் எங்களுக்குச் செவிவழி மொழி. அதற்குக் கண்ணைக் கொடுத்தவை பாட்டுப் புத்தகங்களும் வார இதழ் அட்டைகளும் சுவரொட்டிகளுமே. ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வேற்றுமையை, பசை காயாத சுவரொட்டியின் கீழே நிறுத்தி, எட்டாத எழுத்தைக் கைக்குடையால் தொட்டுக் காட்டித் தந்தையார் எங்களுக்குக் கற்பித்தார். ஆகவே இப்பொருளை எளிதென்று தள்ள எங்களால் இயலாது.

அந்தச் சுவரொட்டிதான் முதல் ஏமாற்றத்தையும் எங்களுக்குத் தந்தது. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தார். ஒரு படத்தின் சுவரொட்டியில் முருகப்பெருமான் வேலும் மயிலுமாக நடுநாயகமாய் விளங்கினார். பக்திப் படம் என்று கருதி, அரிசிப் பானையில் சேர்த்து வைத்த காசை அம்மா எடுத்துக் கொடுக்க, குடும்பமே ஞாயிறு காலைக் காட்சிக்குச் சென்றது. படமோ சொத்து வழக்கும் காதலும் கலந்த சமூகக் கதை. கதாநாயகி காணும் கனவில், ஒரு பாட்டின் நடுவே, முருகன் சில நொடி தோன்றி மறைந்தார். வெளியே வந்ததும் பாட்டி தந்தையாரைப் பார்த்து, "ஏண்டா, முருகனைச் சுவரிலேயே பார்த்துக் கும்பிட்டிருக்கலாமே, காசாவது மிஞ்சியிருக்கும்" என்றார். வீட்டில் பல நாள் இது வேடிக்கைப் பேச்சாக இருந்தது. ஆனால் அம்மா அரிசிப் பானையைத் திறந்தபோது சிரிக்கவில்லை என்பதும் எங்கள் நினைவில் இருக்கிறது.

இன்று நாங்கள் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். விளம்பரம் என்பது அலங்காரம் மட்டுமன்று. அது ஒரு வாக்கு. பிற பண்டங்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். புளியைச் சுவைத்துப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம். திரைப்படத்தையோ விலை கொடுத்த பின்னரே காண முடியும். கண்ட பின் திருப்பித் தரவும் முடியாது. நாம் உண்மையில் வாங்குவது விளம்பரம் தந்த வாக்கையே.

இவ்வாக்கின் கதை இந்த மும்பையிலேயே தொடங்குகிறது. 1896 ஜூலை 7 அன்று வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் காட்டப்பட்டன. நூற்றாண்டின் அதிசயம் என்னும் பொருள்பட நாளிதழில் அதற்கு விளம்பரம் வெளிவந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1913 மே 3 அன்று, தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா' கிர்காமில் இருந்த கொரோனேஷன் அரங்கில் வெளியாயிற்று. பின்னர் அது சூரத்துக்குச் சென்றபோது கூட்டம் சேரவில்லை. சில மணி நேரம் நடக்கும் நாடகத்தைக் குறைந்த காசுக்குப் பார்த்துப் பழகிய மக்கள், சிறிது நேரத்தில் முடியும் படத்துக்கு ஏன் வருவார்கள்? பால்கே ஒரு விளம்பரம் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளமுள்ள படம், அத்தனையும் மூன்றே அணாவுக்கு என்பது அதன் சாரம். கூட்டமும் வந்தது.

இவ்விளம்பரத்தை நாம் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். 57,000 படங்களுக்கு ஏறத்தாழ 3,560 அடிச் சுருள் வேண்டும். ஒரு மைலுக்கு 5,280 அடி. அப்படியானால் அந்தப் படத்தின் நீளம் ஒரு மைலில் மூன்றில் இரண்டு பங்கே! விளம்பரத்தில் ஓர் எண் சுருளின் நீளத்தோடு பொருந்துகிறது. அடுத்த எண் மூன்று மடங்கு ஊதிப் பெருத்திருக்கிறது. பொய்யுரையாமைக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த அரிச்சந்திரனின் கதைக்கே இவ்விளம்பரம் அமைந்ததை எண்ணினால் நகைப்பு வருகிறது. பால்கேயைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. முதல் விளம்பரங்களிலேயே மெய்யும் மிகையும் ஒரே வண்டியில் ஏறிப் பயணம் செய்தன என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம்.

பின்னர் எண்கள் செய்த வேலையை ஓவியம் மேற்கொண்டது. கோலாப்பூரின் பாபுராவ் பெயின்டர் இயக்கிய 'கல்யாண் கஜினா' என்னும் 1924ஆம் ஆண்டுப் படத்தின் சுவரொட்டி, இந்நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் பழைய உருவச் சுவரொட்டிகளுள் ஒன்று. 1930களில் இந்நகரத்துச் சாரங்களில் ஏறி நின்று சினிமாப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டிய இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் எம்.எப்.உசேன் ஆனார். கல்லச்சின் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். நாயகன் முகத்தில் பாதி நீலமும் பாதி சிவப்புமாக இருந்ததை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய முகம் எவருக்கும் இல்லை. ஆனாலும் யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. சினத்தைச் சிவப்பாகக் காட்டுவது கலை; இல்லாத முருகனை இருப்பதாகக் காட்டுவது வஞ்சனை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் நாம் அறிய வேண்டும்.

மிகுதியாக விளம்பரம் செய்தும் வாக்கைக் காத்தவர் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அவர் நம்மவர். விளம்பர முகவராகத் தொழில் தொடங்கி, 'ஆனந்த விகட'னை வளர்த்து, ஜெமினி ஸ்டூடியோவை நிறுவிய எஸ்.எஸ்.வாசன் அவர்கள் 1948 ஏப்ரலில் 'சந்திரலேகா'வை வெளியிட்டார். சுமார் 30 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். அதே ஆண்டு டிசம்பரில் இந்திப் பதிப்பு வடநாடெங்கும் திரைக்கு வந்தது. நாளிதழ்களிலும் சுவர்களிலும் அதுவரை காணாத அளவில் விளம்பரம் நடந்தது. சென்னையில் எடுத்த படம் மும்பையையும் தில்லியையும் வென்ற கதை நீங்கள் அறிந்ததே. பிரம்மாண்டம் என்று அவர் சொன்னார். திரை விலகியதும் மாபெரும் முரசுகளும், அவற்றின்மேல் ஆடிய மகளிர் கூட்டமும், முரசுகளுக்குள்ளிருந்து வெளிப்பட்ட வீரர்களும் கண்முன் நின்றன. முரசறைந்து சொன்னதை முரசின் மேலேயே காட்டினார் என்றால் மிகையாகாது.

சுவரொட்டிக்கு அடுத்தது இதழின் அட்டைப்படம். 1935இல் தொடங்கிய பாபுராவ் படேலின் 'பிலிம் இந்தியா'வுக்கு எஸ்.எம்.பண்டிட் போன்ற ஓவியர்கள் அட்டை தீட்டினர். 1952 மார்ச்சில் 'பிலிம்பேர்' பிறந்தது. தமிழில் 'பேசும் படம்' வீடுதோறும் புகுந்தது. அட்டைப்படத்தின் வணிகம் நுட்பமானது. பட நிறுவனம் புகைப்படத்தைத் தருகிறது. இதழுக்கு அழகிய அட்டை கிடைக்கிறது. நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைக்கிறது. வாசகருக்குக் கத்தரித்துச் சட்டமிட ஒரு படம் கிடைக்கிறது. மூவர்க்கும் ஆதாயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படம் பெரும்பாலும் படச்சுருளிலிருந்து எடுத்ததன்று. படப்பிடிப்பில் தனியே நிற்கும் புகைப்படக்காரர் எடுத்தது. ஆகையால் அட்டையில் கண்ட காட்சி படத்தில் இல்லாமலே போகலாம். மேலும், சுவரொட்டி தன்னை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. அட்டைப்படமோ செய்தி போலவும் நட்புப் போலவும் வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, டிரெய்லர் எனப்படும் முன்னோட்டம். பின்னால் இழுபட்டு வருவது என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். தொடக்கக் காலத்தில் படம் முடிந்த பின்னர்க் காட்டியதால் அப்பெயர் வந்தது. பின்னர் அது முன்னே வந்தும் பெயர் மாறவில்லை. பழைய பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் சுவையான கட்டம் வரை சென்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். அது கதவைச் சிறிது திறந்து காட்டியது. இன்றைய முன்னோட்டம் இரண்டரை நிமிடத்தில் நல்ல வசனம், பெரிய சண்டை, சிறந்த நகைச்சுவை அனைத்தையும் கொட்டிவிடுகிறது. சில படங்களில் மீதி என்று ஒன்று இருப்பதே ஐயமாகிவிடுகிறது.

முன்னோட்டத்தில் கண்டது படத்தில் இல்லையென்றால் என்ன செய்வது? இவ்வினா இந்நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2016இல் வெளிவந்த 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாடல் பெரிதும் ஒலித்தது. படத்திலோ அப்பாடல் இல்லை. குடும்பத்தோடு படம் பார்த்த ஆசிரியை ஒருவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம் மறுத்தது. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவும் தருமாறு பணித்தது. தேசிய ஆணையமும் அதை ஏற்றது. 2024 ஏப்ரல் 22 அன்று உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிற்று. முன்னோட்டம் பார்வையாளரை ஈர்ப்பதற்கான முயற்சியே. அது ஒப்பந்தமாகவோ உறுதிமொழியாகவோ ஆகாது என்பது தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பை நாங்கள் மதிக்கிறோம். முன்னோட்டத்தில் இட்ட ஒவ்வொரு காட்சிக்கும் கலைஞன் சட்டப்படி கட்டுண்டவன் என்றால், இறுதி நாள் வரை படத்தைச் செப்பனிடும் உரிமை அவனுக்கு இல்லாமற் போகும். ஆனால் சட்டம் வற்புறுத்தாத இடத்தில் நாணயம் வேண்டாம் என்பது பொருளன்று. கடனுக்கு வாங்கிய கைம்மாற்றுக்குச் சீட்டு எழுதாதவனும் அதைத் திருப்பித் தருகிறானே!

முற்காலத்தில் அந்த நாணயத்தைக் காத்தது காலம்தான். சில படப்பெட்டிகளே ஊர் ஊராகச் சுற்றிய நாளில், மதுரையில் வெளியான படம் மாட்டுங்காவுக்கு வருமுன் மாமாவின் கடிதம் வந்துவிடும். "படம் சுமார், பாட்டு மட்டும் நன்று" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை எந்தச் சுவரொட்டியாலும் வெல்ல இயலாது. (பாட்டியுடன் பார்த்த அந்தப் படத்துக்கு மட்டும் கடிதம் வர ஒரு வாரம் தாமதமாயிற்று!) படம் 50 நாள், 100 நாள் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே முதல் நாள் பொய் நாற்பதாம் நாள் நட்டமாக முடியும். இன்றோ பெரிய படம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் வெளியாகி, முதல் மூன்று நாள்களிலேயே வசூலின் பெரும்பகுதியைக் கண்டுவிடுகிறது. மெய் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுமுன் மிகை கல்லாவை நிரப்பிவிடுகிறது. விளம்பரத்தின் குரல் உயர்ந்ததற்கு இதுவே தலையாய காரணம் என்பது எங்கள் துணிபு.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கது என்ன? முதலாவது, பொறுமை. முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்னும் அவசரமே மிகைக்கு மூலதனம். ஒரு வாரம் பொறுத்தால், மாமாவின் கடிதத்துக்கு ஈடான சொல் எங்கிருந்தாவது வந்து சேரும். இரண்டாவது, நம் பிள்ளைகளுக்கு விளம்பரத்தைப் படிக்கக் கற்றுத் தருதல். இது என்ன வாக்குத் தருகிறது, யார் தருகிறார், காக்காவிடில் இழப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை அவர்கள் கேட்கப் பழகினால் போதும். சினிமாவோடு நில்லாமல், கடை விளம்பரத்துக்கும் தேர்தல் சுவரொட்டிக்கும் அவ்வினாக்கள் பயன்படும்.

மூன்றாவது, இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் அச்சிட்ட பெரும்பதாகைகள் வந்த பிறகு, கையால் தீட்டிய பலகைகள் 1990களின் இறுதியிலிருந்து மறைந்து போயின. தீட்டியவர்களுள் பலருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. உங்கள் பரண்களில் பழைய பாட்டுப் புத்தகமோ, இதழ் அட்டையோ, மடித்து வைத்த சுவரொட்டியோ இருந்தால் சங்க நூலகத்துக்குக் கொடுத்துதவுங்கள். இன்று நம் பேரப்பிள்ளைகள் தமிழ்ப் படத்தின் பெயரைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் படிக்கிறார்கள். அவர்களையும் ஒருநாள் அந்தப் பெரிய எழுத்துகளின் கீழே நிறுத்தி, இது ரகரம், இது றகரம் என்று காட்டலாம்.

சுவரொட்டி எங்களை ஒருமுறை ஏமாற்றியது உண்மை. தமிழ் நாட்டுக்கு வெளியே எங்களுக்குத் தமிழ் எழுத்தைத் தந்ததும் அதுவே. அதனால் அதன்மேல் எங்களுக்குப் பகையில்லை. உறவினரிடம் உரிமையோடு கேட்பது போல, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்றுதான் அதனிடம் கேட்கிறோம்.