குடிநீரும் கரியும்

 

நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீர். 1927-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். அன்று வேண்டியது நீரைத் தொடும் உரிமை. இன்றோ, தொட்ட நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று அறியும் கல்வியும் வேண்டியிருக்கிறது. வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வாய்க்காலிலேயே கைகால் கழுவுவோர் பெரும்பாலும் நம்மவர்தாமே!

கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை தெளியவைக்கும். காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த பூச்சிமருந்துக்கும் சாயத்துக்கும் இவை போதா. அவற்றைப் பிடிப்பது கரி. நஞ்சின் மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பரப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகும்.

ஓர் அணுவின் கனமே உடைய கரித்தகட்டுக்குக் கிராபீன் என்று பெயர். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தனர். அதில் ஒரு கிராமுக்குக் கணக்கின்படி சுமார் 2600 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏறத்தாழ 65 சென்ட் நிலம்! (மூன்று சென்ட் மனைப்பட்டாவுக்கு நாம் நடந்த நடையை இந்த அவை அறியும்.)

இத்தகைய நுண்பொடியை நீரில் இட்டால், பின்னர் அதனைப் பிரித்தெடுப்பது கடினம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டு 2012-இல் வெளியிட்டனர். சர்க்கரைக் கரைசலை ஆற்றுமணலில் ஏற்றி உலர்த்தி, ஆக்சிஜன் படாமல் கடுஞ்சூட்டில் கரியாக்கினர். பசை எதுவுமின்றி, கிராபீன் போன்ற கரி மணலிலேயே பற்றிக்கொண்டது. அம்மணல் ரோடமின் சாயத்தையும், குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்தையும் நீரிலிருந்து கவர்ந்தது. சர்க்கரையும் மணலும்! விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதே நம்மை மிகவும் கவர்ந்தது.

ஆயினும் ஆய்வுக்கூடம் வேறு, ஊர்த் தொட்டி வேறு. மணல் நிறைந்துவிட்டால் அதன்பின் கவராது. நஞ்சேறிய மணலை எங்கே கொட்டுவது? நம் தெருக்கோடியிலா? இக்கேள்வியைக் கேட்க வேதியியல் தெரிந்த பிள்ளைகள் நம் தெருவில் இருத்தல் வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமைக்கு எந்த வடிகட்டியும் மருந்தன்று என்பதையும் நாம் மறக்கவில்லை.

மேடையருகே இரண்டு பானைகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் வெறும் மணல். மற்றொன்றில் மணலோடு கழுவிய கரித்தூள். மாணவர்கள் சாயநீரை இரண்டிலும் மெதுவாக ஊற்றி, கீழே வடிவதை ஒப்பிட்டுப் பார்க்கலாம், குடிக்கவேண்டாம்.