புள்ளடி போடப் போகிறவர்களுக்கு



தங்கச்சி வீட்டுக்கு வந்தவனை மேடையில் ஏற்றிவிட்டீர்கள். டென்மார்க்கில் இறங்கிய நாளிலிருந்து கண்ணில் படுவது 2025 நவம்பர் 18ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல்தான். அதையே பேசுகிறேன்.

ஊர்த் தேர்தலை உங்களுக்கு விளக்க வேண்டுமா? பசை வாளி, லவுட்ஸ்பீக்கர், விடிந்து பார்த்தால் மதிலில் வேறு முகம்! இங்கே போஸ்டர் கட்டவும் நல்லநேரம் குறித்திருக்கிறார்கள்: தேர்தலுக்கு முந்திய நாலாவது சனிக்கிழமை, மதியம் 12 மணி. போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு ஏணி, கை நிறையப் பிளாஸ்டிக் பட்டி. மேலே தன் கட்சிப் பலகையைக் கட்டி இறங்கியவர், அதே கம்பத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! தேர்தல் முடிந்து எட்டு நாளுக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டுமாம். எங்கள் சந்தி மதிலில் போன தேர்தலுக்கு முந்தியவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வாக்குறுதியும் உண்டு. யாக்கோப் ஹாகார்ட் என்ற நகைச்சுவை நடிகர், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பின்காற்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியே 1994இல் நாடாளுமன்றம் போய்விட்டார். சிரிக்கிறீர்கள்! உங்கள் காற்றில் நாலு நாள் சைக்கிள் மிதித்தபிறகு நானும் அவருக்குத்தான் போட்டிருப்பேன்.

கடைத்தெருவில் ஒரு வேட்பாளர் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கச்சியின் மகனுக்குப் பதினான்கு வயது. நேரே போய், விளையாட்டுத் திடலுக்குப் பின்னேரம் ஏன் பஸ் இல்லை என்று கேட்டான். அவர் கோப்பிக் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, குறித்துக்கொண்டார். இங்கே 8ஆம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடங்களில் மாதிரித் தேர்தல் வைத்துப் பழக்குகிறார்களே, அந்தத் துணிவு.

வீட்டில் அதே பிள்ளை வாயே திறப்பதில்லை. “அவனுக்குத் தமிழ் வராது அண்ணா” என்கிறாள் தங்கச்சி. ஏன் வரும்? சாப்பிட்டியா, படிச்சியா, போனை வை. இந்த மூன்றுக்கு மேல் நாம் பிள்ளையோடு என்ன தமிழ் பேசுகிறோம்? வாதாட விஷயம் கொடுத்தோமா? நமக்குள் ஊர் அரசியலை விடிய விடியப் பேசுவோம். அவன் வாக்குப் போடப்போகும் ஊரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றிரவு அந்த பஸ்ஸைப் பற்றி அவனைச் சீண்டிவிட்டேன். அரைமணி நேரம் தமிழில் சண்டை பிடித்தான். இலக்கணப் பிழைதான். இருக்கட்டும்!

இன்னொன்று. தமிழர் விவகாரம். பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொன்னீர்களா? 1987இல் இந்த நாட்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இங்கே அகதியாக வந்த நம்மவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை, சட்டம் உரிமை தந்திருந்தும், கிடப்பில் போடச் செய்தார். விசாரணை அறிக்கை ஆறாயிரம் பக்கம். அது வெளிவந்த 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். தேர்தலே இல்லாமல் ஆட்சி கைமாறியது. நின்-ஹான்சனுக்கு 1995இல் நாலு மாதச் சிறை, ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. அகதியின் விண்ணப்பத்துக்காக அரசாங்கமே விழுந்த நாடு இது, அம்மாமாரே!

அன்று கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது காரில் அதைச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி கேட்டால் கேட்கட்டும்.

வாக்குச்சீட்டில் இங்கேயும் புள்ளடிதான், பழக்கம் இருக்கிறது. குடியுரிமை எடுக்காதவர்களுக்கும், சில வருடம் தொடர்ந்து இருந்திருந்தால், இந்தத் தேர்தலில் வாக்கு உண்டு. செவ்வாய்க்கிழமை, மறந்துவிடாதீர்கள். பரதநாட்டியப் பிள்ளைகள் சலங்கையோடு காத்திருக்கிறார்கள், நான் இறங்குகிறேன். வணக்கம்.