சிஸ்டர்கிட்ட இதையும் சொல்லுங்க

எண்ணூர்ல வேலை பார்க்குற என் நண்பன், டிப்ரஷன் மாத்திரையைத் திடீர்னு நிறுத்திட்டான். அவன் சம்மதத்தோடதான் சொல்றேன். காரணம்? "பொண்டாட்டி பக்கத்துல போகவே தோணல மச்சான்."

செர்ட்ரலின் மாதிரியான மாத்திரைகள் ஆசையைக் குறைக்கலாம், உச்சத்தைத் தாமதமாக்கலாம். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனை ஏத்தி, பெண்களுக்கு மாதவிடாயையே நிறுத்தலாம். டாக்டர் டோஸையோ மருந்தையோ மாத்திப் பார்க்க முடியும். நாமளா நிறுத்தினா நோய் திரும்பலாம்.

தூக்கம், பசி பத்தி விசாரிச்ச சிஸ்டர் இதைக் கேட்கல. பக்கத்துல அம்மா நின்னதால இவனும் சொல்லல. அடுத்த தடவை, "தனியா பேசணும் சிஸ்டர்"னு கேட்டான். சொன்னான். மருந்து மாறிச்சு.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம். போன்லயே கேட்கணும்னா டெலி மனாஸ், 14416. நண்பன் இப்போ மாத்திரையை விடாம போடுறான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.